சார்ட்வெல் வீட்டில் இது எந்த ஆண்டு?

லண்டனுக்குத் தென்கிழக்கே, கென்ட் மாவட்டத்தில், வெஸ்டர்ஹாம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது சார்ட்வெல். வின்ஸ்டன் சர்ச்சிலின் வீடு. சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், ‘ஆள் இப்போதுதான் எழுந்து தோட்டத்துக்குப் போன மாதிரி இருக்கிறது’ என்பார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் சர்ச்சில் 1965 ஜனவரியில், 90 வயதில், தளர்ந்துபோய் இறந்தவர். அந்தத் தளர்ச்சியின் சுவடு அறைகளில் இல்லை. அப்படியானால் நமக்குக் காட்டப்படுவது எந்த ஆண்டின் வீடு? முடிவு செய்தது யார்? வாழ்க்கை வரலாறுகள், கடிதத் தொகுப்புகள், நினைவுக் குறிப்புகள் என்று தேடத் தொடங்கினேன்.

1922இல் 5,000 பவுண்டுக்கு வாங்கிய வீடு. முன்னால் விரியும் பள்ளத்தாக்கின் அழகில் மயங்கி, மனைவி கிளமென்டைனின் சம்மதம் கிடைக்காமலே சர்ச்சில் பேரத்தை முடித்துவிட்டார். அந்த வருத்தம் கிளமென்டைனுக்குக் கடைசிவரை முழுதாக ஆறவில்லை. வீடோ பணத்தை விழுங்கிக்கொண்டே இருந்தது. 1945 தேர்தலில் தோற்றபின் விற்றுவிடலாம் என்ற நிலை வந்தபோது, டெய்லி டெலிகிராஃப் நாளிதழின் உரிமையாளர் கேம்ரோஸ் பிரபு நண்பர்களைச் சேர்த்துப் பணம் திரட்டினார். 1946இல் வீட்டை வாங்கி, நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்புக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். ஆண்டுக்கு 350 பவுண்டு வாடகையில் சர்ச்சில் ஆயுள் முழுக்கக் குடியிருக்கலாம். பிறகு வீடு பொதுமக்களுக்கு. தான் போனபின் ஊரே வந்து பார்க்கப்போகிற வீட்டில், அது தெரிந்தே, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் வாழ்ந்திருக்கிறார்.

அவர் இறந்ததும் கிளமென்டைன் தாமதிக்கவில்லை. வீட்டை உடனே ஒப்படைத்தார். 1966இல் கதவு திறந்தது. என் கேள்விக்கு விடையும் அவர்தான். 1932இல் செயலாளராக வேலைக்கு வந்து குடும்பத்தோடு ஒன்றிப்போன கிரேஸ் ஹாம்ப்ளின் வீட்டின் முதல் பொறுப்பாளர் ஆனார். முக்கியமான அறைகளை 1930களில் இருந்தபடி மாற்றி அமைத்ததில் இந்த இரண்டு பெண்களின் கை இருக்கிறது. சாப்பாட்டு அறையில் இது நன்றாகத் தெரியும். வட்ட மேசை, கை வைத்த நாற்காலிகள். சாப்பாட்டு நாற்காலி என்றால் கைப்பிடி வேண்டும், முதுகைத் தாங்க வேண்டும், அதிக இடம் அடைக்கவும் கூடாது என்று சர்ச்சில் தனியாக ஒரு குறிப்பே எழுதியிருக்கிறார். மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசுகிறவருடைய நாற்காலி.

வெளியே தோட்டத்தில் காலம் கலந்து கிடக்கிறது. காய்கறித் தோட்டத்துச் செங்கல் சுவரின் பெரும்பகுதி அவரே கட்டியது. 1928இல் கட்டடத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தார், அது பெரிய சர்ச்சையும் ஆனது. அதே தோட்டத்தின் நடுவே ஓடும் மஞ்சள் ரோஜாப் பாதை, 1958இல் பொன்விழா மணநாளுக்குப் பிள்ளைகள் கொடுத்த பரிசு.

ஏன் 1930கள்? பதவி இல்லாமல், புத்தகம் எழுதிக்கொண்டு, ஹிட்லரைப் பற்றி எச்சரித்துக்கொண்டிருந்த காலம் அது. பிள்ளைகள் வளர்ந்த காலமும்கூட. ஒரு மனைவி அதைத் தேர்ந்தெடுத்தது எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தியாவிலிருந்து போகிறவருக்கு அந்த ஆண்டுகளின் இன்னொரு முகமும் தெரியும். காந்தியைப் பக்கிரி வேஷம் போடும் வக்கீல் என்று 1931இல் அவர் இகழ்ந்தார். 1935 இந்தியச் சட்டம் கொடுத்த அரைகுறை உரிமையைக்கூடக் கடைசிவரை எதிர்த்தார். அந்தப் போராட்டத்தின் பாசறையும் இந்த வீடுதான்.

தேடலில் என்னை நிறுத்தி வைத்தது அந்த 1935தான். சட்டம் நிறைவேறிய சிறிது காலத்திலேயே, காந்திக்கு நெருக்கமான தொழிலதிபர் ஜி.டி. பிர்லா சார்ட்வெல்லுக்கு மதிய உணவுக்குப் போயிருக்கிறார். வரவேற்ற சர்ச்சில், வேலையாளின் மேலங்கியோடு தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தாராம். பேச்சில் பெரும்பங்கு அவருடையதே. தீண்டாமைக்கு எதிராக நின்றபின் காந்தி தன் மதிப்பில் மிக உயர்ந்துவிட்டார் என்றார். கையில் வந்த அதிகாரத்தை வைத்துச் சாதாரண மக்களின் வாழ்வை உயர்த்துங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். பிர்லா எல்லாவற்றையும் காந்திக்கு எழுதினார். காலனி இலாகாவில் இருந்த இளம் சர்ச்சிலைச் சந்தித்தது நன்றாக நினைவிருக்கிறது, அவருடைய நல்லெண்ணத்தை எப்போதும் நம்பலாம் என்றே அன்றுமுதல் எண்ணிவருகிறேன் என்று காந்தி பதில் எழுதினார். 1931இன் வசைக்குப் பிறகு எழுதிய பதில் அது. காந்தியின் பெருந்தன்மை மனதை நெகிழவைக்கிறது.

போர்க்காலத்தில் சார்ட்வெல் பெரும்பாலும் பூட்டிக் கிடந்தது. வானத்திலிருந்து பார்த்தால் அதன் குளங்கள் அடையாளம் காட்டிவிடும் என்ற பயம். ஆகவே சுமார் 30 லட்சம் பேரைக் கொண்டுபோன 1943 வங்கப் பஞ்சம் அந்த அறைகளின் காலத்துக்குள் வராது. லண்டனில் சர்ச்சிலின் அமைச்சரவை எடுத்த முடிவுகளைப் பற்றிய வழக்கு அது. அதைப் பேச வேறு இடங்கள் உண்டு. ஆனால் பிர்லாவின் விருந்து 1930களின் வீட்டுக்கே உரியது. 1933இல் அங்கே வந்து சர்ச்சிலோடு படம் எடுத்துக்கொண்ட ஐன்ஸ்டைனைப் பற்றிச் சொல்லும் அதே மூச்சில், வருகிறவர்களுக்கு பிர்லாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடுத்த முறை போனால், அந்த வட்ட மேசைக்குப் பக்கத்தில் நின்று நானே சொல்வேன்.