தள்ளாமைக் காலத்துக்கு ஒரு காப்பு

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வரையிலும், தெற்கே வல்லம், ஒரகடம் வரையிலும் பரந்திருக்கும் தொழிற்பகுதி, இதுவரை இளைஞர்களின் பகுதியாகவே அறியப்பட்டு வந்துள்ளது. 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியாவும், அதை அடுத்து சாம்சங்கும் வந்தன. 2010இல் ரெனோ–நிஸானும், 2012இல் டைம்லரும் ஒரகடத்தில் ஆலை திறந்தன. இந்த ஆலைகளின் வாசலில் வரிசையில் நின்றவர்கள் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த இருபது வயதுப் பிள்ளைகள். ஆனால் 1998இல் 22 வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் 2034இல் 58 வயதை, அதாவது தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் வரையறுத்துள்ள ஓய்வு வயதை எட்டிவிடுவார். இந்தத் தொழிற்பகுதியின் முதல் தலைமுறை முதுமையின் வாசலை நெருங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே, தள்ளாத வயதில் தம்மைப் பார்த்துக்கொள்வதற்கான நீண்டகாலப் பராமரிப்புச் செலவுக்கு இப்போதே காப்பீடு எடுத்துவைக்க வேண்டுமா என்ற கேள்வி, நாற்பதுகளின் நடுவில் நிற்கும் தொழிலாளியின் குடும்பத்துக்கு இனி தள்ளிப்போடத்தக்க கேள்வி அன்று.

நீண்டகாலப் பராமரிப்பு என்று இங்கே குறிப்பிடப்படுவது மருத்துவச் சிகிச்சையிலிருந்து வேறானது. நோயைக் குணப்படுத்துவது சிகிச்சை. குணமாகாத நிலையில், அல்லது முதுமையாலேயே உடல் ஒடுங்கிவிட்ட நிலையில், ஒருவரின் அன்றாட வாழ்வைத் தாங்கிப் பிடிப்பது பராமரிப்பு. குளித்தல், உடை உடுத்துதல், உண்ணுதல், கழிப்பறையைப் பயன்படுத்துதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறி அமர்தல் ஆகிய ஆறும் அன்றாடச் செயல்கள் எனப்படும். இவற்றில் எத்தனையைப் பிறர் உதவியின்றி ஒருவரால் செய்ய முடியவில்லை என்பதைக் கொண்டே உலகின் பல நாடுகளில் பராமரிப்புத் தேவை அளக்கப்படுகிறது. பக்கவாதத்தால் படுத்த படுக்கையான ஒருவருக்குப் படுக்கைப் புண் வராமல் தடுக்க, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முதுகைத் துடைத்து உலர்த்த வேண்டும். ஈரமான துணியை மாற்ற வேண்டும். விழுங்கச் சிரமப்படுகிறவருக்குப் புரையேறாதபடி தலையை உயர்த்தி வைத்துக் கரண்டி கரண்டியாகக் கஞ்சி ஊட்ட வேண்டும். நள்ளிரவிலும் இந்த வேலை நிற்பதில்லை. ஆலையில் மூன்று ஷிப்டுகளுக்கு மூன்று அணிகள் வருகின்றன. வீட்டிலோ அந்த மூன்று ஷிப்டுகளையும் பெரும்பாலும் ஒரே ஆள் பார்க்கிறார்.

அந்த ஒரே ஆள் இதுவரை மனைவியாகவோ, மகளாகவோ, மருமகளாகவோதான் இருந்து வந்திருக்கிறார். ஊதியமும் விடுப்பும் இல்லாத அந்த உழைப்பை நம்பியே தமிழ்நாட்டின் முதுமை இத்தனை காலம் நகர்ந்திருக்கிறது. அந்த ஏற்பாட்டின் அடித்தளம் இன்று மாறிவருகிறது என்பதற்கு இந்தத் தொழிற்பகுதியே சாட்சி. மின்னணு ஆலைகளில் பெருமளவில் வேலை செய்கிறவர்கள் பெண்கள். வெளி மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளிலும் வாடகை வீடுகளிலும் தங்கியிருக்கும் அந்தப் பெண்களின் பெற்றோர் ஊரில் தனியாக இருக்கிறார்கள். 2019–21இல் நடத்தப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 1.8. மாநில மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்களின் பங்கு 2021இல் சுமார் 13.6 விழுக்காடு என்றும், 2031இல் அது 18.2 விழுக்காடாக உயரும் என்றும் மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு கூறுகிறது. தாங்க வேண்டிய முதியோர் பெருகுகிறார்கள். தாங்கும் கைகளோ குறைவதுடன், அவையும் ஷிப்டுக்குப் போய்விடுகின்றன. பெண்கள் வேலைக்குப் போவது குறையன்று. அவர்களுடைய இலவச உழைப்பின் மேல் முதுமையைக் கட்டியெழுப்பிய ஏற்பாடே குறையுடையது.

இந்தச் சூழலில், கையில் ஏற்கெனவே உள்ள பாதுகாப்புகள் எதுவரை எட்டும் என்று பார்ப்பது முதல் கடமையாகும். கம்பெனி தரும் குழு மருத்துவக் காப்பீடு பொதுவாக வேலை நீடிக்கும்வரைதான் நீடிக்கும். தனியாக எடுக்கும் மருத்துவக் காப்பீட்டிலும், இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த பொதுவான விலக்குகளின் பட்டியலில் ஒரு பிரிவு நின்று படிக்கத்தக்கது. சிகிச்சைக்காக அன்றி ஓய்வுக்காகவும் மறுவாழ்வுக்காகவும் அனுமதிக்கப்படும் செலவை அது விலக்குகிறது. அதோடு, குளிப்பாட்டுதல், உடை உடுத்திவிடுதல், நடமாட உதவுதல் போன்ற தனிநபர்ப் பராமரிப்பு வீட்டில் நடந்தாலும் பராமரிப்பு இல்லத்தில் நடந்தாலும், செவிலியரே செய்தாலும் பயிற்சியற்றவர் செய்தாலும், அதற்கான செலவு கிடைக்காது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நீண்டகாலப் பராமரிப்பு என்பதன் இலக்கணமாக மேலே கூறப்பட்டவை அனைத்தும் அந்த ஒரே பத்தியில் விலக்கப்பட்டுவிடுகின்றன. மருத்துவக் காப்பீடு இருக்கிறதே, முதுமைக்குக் கவலையில்லை என்று நம்பியிருக்கும் குடும்பம் அறிய வேண்டிய உண்மை இது.

இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த பெரும் பேறு. தொழிலாளியிடமிருந்து ஊதியத்தில் 0.75 விழுக்காடும் முதலாளியிடமிருந்து 3.25 விழுக்காடும் பெற்று அது இயங்குகிறது. குறைந்தது 5 ஆண்டுகள் காப்பீட்டுக்கு உட்பட்ட வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம் என்பது பலர் அறியாத சலுகை. எனினும் மாத ஊதியம் 21,000 ரூபாயைக் கடந்தவர் இத்திட்டத்துக்கு வெளியே நிற்கிறார். பெரிய ஆலைகளின் நிரந்தரத் தொழிலாளர் பலருடைய நிலை இதுவே. உள்ளே இருப்பவருக்கும் இ.எஸ்.ஐ. தருவது மருத்துவமே தவிர, வீட்டுப் பராமரிப்பு அன்று. 70 வயது நிரம்பிய அனைவருக்கும் 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டமும், தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் மருத்துவமனைச் சிகிச்சைக்கானவையே.

எஞ்சுவது ஓய்வூதியம். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், உயர் ஓய்வூதியத்துக்கு விருப்பம் தெரிவிக்காத ஒருவருக்கு, கணக்கில் கொள்ளப்படும் ஊதியத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். அதைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் கிடைப்பதே மாத ஓய்வூதியம். 35 ஆண்டுகள் உழைத்தவருக்கும் இந்தக் கணக்கின்படி அது 7,500 ரூபாய்தான். அடிக்கடி வேலை மாறிய காண்டிராக்ட் தொழிலாளிக்கு, 10 ஆண்டுத் தகுதியை எட்டினாலும், கிடைப்பது இதில் சிறு பகுதிதான். உடனிருந்து பார்த்துக்கொள்ளும் ஒரு பணியாளருக்கு மாதந்தோறும் கொடுக்க வேண்டிய தொகை இந்த ஓய்வூதியத்தைவிடப் பெரிது. பி.எஃப். பணம் இருக்கிறதே என்றால், அது பெரும்பாலான வீடுகளில் மனை வாங்கவும் பிள்ளைகளின் கல்யாணத்துக்கும் ஏற்கெனவே கணக்குப் போடப்பட்ட பணம்.

அப்படியானால் பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீட்டை வாங்கிவிடலாமா? அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக விற்கப்பட்டுவரும் அத்தகைய காப்பீடு இந்தியச் சந்தையில் இன்னும் வேரூன்றவில்லை. அருகில் நிற்பது கொடிய நோய்களுக்கான காப்பீடு. அதில் பக்கவாதத்துக்கு மொத்தத் தொகை கிடைக்கும். ஆனால் நரம்புப் பாதிப்பு குறைந்தது 3 மாதம் நீடித்து நிரந்தரமானதாக நிறுவப்பட வேண்டும். முதுமையின் பொதுவான தளர்ச்சிக்கோ, விழுந்து இடுப்பெலும்பு முறிந்து நடக்க முடியாமற்போவதற்கோ அதில் இடமில்லை.

நாளை ஒரு நிறுவனம் முழுமையான பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தாலும், இரண்டு இடர்களை எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாவது விலைவாசி. 45 வயதில் பிரீமியம் கட்டத் தொடங்கும் ஒருவருக்கு 80 வயதில் மாதம் 20,000 ரூபாய் கிடைக்கும் என்று காப்பீட்டுப் பத்திரம் உறுதி கூறுவதாகக் கொள்வோம். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு உயர்ந்தால், 35 ஆண்டுகளுக்குப் பின் அந்தத் தொகைக்கு இன்றைய மதிப்பில் கிடைப்பது சுமார் 2,600 ரூபாய்ப் பொருள்தான். விலைவாசிக்கேற்ப உயராத எந்த வாக்குறுதியும் முதுமைக்குப் போதாது. இரண்டாவது, விருப்பமுள்ளவர் மட்டும் வாங்கும் காப்பீட்டில் நோய்வாய்ப்படக்கூடும் என்று அஞ்சுகிறவர்களே மிகுதியாகச் சேர்வார்கள், நலமுள்ளவர்கள் ஒதுங்குவார்கள். இதனால் செலவு ஏற, பிரீமியம் ஏற, நலமுள்ளோர் மேலும் விலகுவர். அமெரிக்க நிறுவனங்கள், பத்திரத்தை இடையில் கைவிடுவோர் எண்ணிக்கை, வட்டி விகிதம், மக்களின் ஆயுள் ஆகிய மூன்றையும் தவறாகக் கணித்தன. ஆண்டுக்கணக்கில் கட்டிவந்த முதியோரின் பிரீமியம் பின்னர் கடுமையாக உயர்த்தப்பட்டது. பென் டிரீட்டி என்ற நிறுவனம் 2017இல் கலைக்கப்பட்டது. கட்ட முடியாத வயதில் உயரும் பிரீமியம், குடையை மழை நேரத்தில் திருப்பிக் கேட்பதற்கு ஒப்பானது.

இதற்கு மாறான வழி ஒன்று உண்டு. அந்த வழியில் நடக்கும் நாடுகளின் பெயர்ப்பலகைகள் இதே தொழிற்பகுதியின் சாலைகளில் நிற்கின்றன என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. டைம்லரின் தாயகமான ஜெர்மனி 1995இல் பராமரிப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. தொழிலாளியும் முதலாளியும் சந்தாவைப் பகிர்ந்துகொள்கிறார்கள். வீட்டிலேயே உறவினர் பார்த்துக்கொண்டால் அதற்குப் பணமாகப் பெறவும், பணியாளர் சேவையாகப் பெறவும் விருப்பத் தேர்வு உண்டு. நிஸானின் தாயகமான ஜப்பானில் 2000 ஏப்ரல் முதல் 40 வயதை எட்டிய ஒவ்வொருவரும் சந்தா செலுத்துகிறார்கள். ஹூண்டாய், சாம்சங் நிறுவனங்களின் தாயகமான தென்கொரியா 2008 ஜூலையில் மருத்துவக் காப்பீட்டுச் சந்தாவோடு பராமரிப்புச் சந்தாவையும் இணைத்தது. தமிழர் பலர் வாழும் சிங்கப்பூர் 2020இல் தொடங்கிய திட்டத்தில், ஆறு அன்றாடச் செயல்களில் மூன்றைச் செய்ய இயலாதவருக்கு, அந்நிலை நீடிக்கும்வரை மாதந்தோறும் பணம் கிடைக்கிறது. நலமுள்ளவரும் நலிந்தவரும், இளையவரும் மூத்தவரும் ஒன்றாகச் சேர்வதால்தான் இத்திட்டங்களில் சந்தா தாங்கத்தக்கதாக இருக்கிறது. தென்கொரியாவின் உல்சானில் ஹூண்டாய் கார் தயாரிக்கும் தொழிலாளிக்கு உள்ள இந்தக் காப்பு, இருங்காட்டுக்கோட்டையில் அதே நிறுவனத்தின் காரைத் தயாரிக்கும் தொழிலாளிக்கு இல்லை. இருவருடைய முதுகும் ஒரே விதமாகத்தான் தேய்கிறது.

ஆகவே, வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு இரண்டு அடுக்குகளில் விடை தேட வேண்டியுள்ளது. குடும்ப அளவில், வேலையில் இருக்கும்போதே கம்பெனிக் காப்பீட்டுக்குப் புறம்பாகத் தனி மருத்துவக் காப்பீட்டைத் தொடங்குவது நன்று. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம், அதாவது பிரீமியம் கட்டினாலும் அந்நோய்க்குப் பணம் கிடைக்காத தொடக்கக் காலம், இப்போது அதிகபட்சம் 36 மாதங்கள். அதை ஓய்வுக்கு முன்பே கடந்துவிடலாம். தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் நீக்கப்பட்டிருப்பதும் இதற்கு உதவும். பராமரிப்புக்கென்று தனியாக ஒரு சேமிப்பை ஒதுக்கி, அதைக் கல்யாணச் செலவுக்குத் தொடுவதில்லை என்று கணவனும் மனைவியும் சேர்ந்து உறுதி பூணுவது, இன்று சந்தையில் கிடைக்கும் எந்தப் பத்திரத்தையும்விடப் பயனுள்ளது. புது வீடு கட்டுகிறவர் தரைத்தளத்தில் ஒரு படுக்கையறையும், சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கழிப்பறைக் கதவும் வைப்பதும் ஒரு வகைக் காப்பீடே. ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாத காண்டிராக்ட் தொழிலாளியிடம் சேமி என்றும் பத்திரம் வாங்கு என்றும் அறிவுரை கூறுவது அறமாகாது.

அவருக்கான விடை இரண்டாம் அடுக்கில், கூட்டாக எடுக்கும் முடிவில் இருக்கிறது. தொழிற்சங்க வட்டாரத்தில் சட்டப் பிரிவு எண்களால் 12(3), 18(1) என்று நெடுங்காலமாக அழைக்கப்பட்டுவரும் ஊதிய ஒப்பந்தங்களில் அடிப்படைச் சம்பளமும் போனசும் பேசப்படுகின்றன. ஓய்வுக்குப் பிந்தைய பராமரிப்பும் அந்த மேசைக்கு வர வேண்டும். இ.எஸ்.ஐ. வழியாக ஒரு சிறு பராமரிப்புச் சந்தாவைத் தொடங்கவும், காண்டிராக்ட் தொழிலாளிக்கு முதன்மை முதலாளியே அதைச் செலுத்தவும் வேண்டும் என்று கோருவது மிகையன்று. பணம் மட்டும் போதாது. பராமரிக்கத் தெரிந்த கைகளும் வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வலிநிவாரணப் பராமரிப்பும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண இயக்கம் ஊர்த் தன்னார்வலர்களாலும் உள்ளாட்சிகளாலும் வளர்ந்து, 2008இல் மாநில அரசின் கொள்கையாயிற்று. இந்த அடித்தளங்களின் மேல், முறையான பயிற்சியும் நியாயமான ஊதியமும் பெறும் பராமரிப்புப் பணியாளர் படை ஒன்றைக் கட்டுவது தமிழ்நாட்டுக்கு இயலாத காரியமன்று.

முதல் தலைமுறை ஓய்வுபெற இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. சந்தாவால் நிதி திரண்டு பயன் தரவோ பல ஆண்டுகள் ஆகும். 40 வயதில் சந்தா தொடங்கும் ஜப்பானிய முறை, இந்தத் தொழிற்பகுதியில் இப்போது நாற்பதுகளில் இருப்பவர்களோடு தொடங்கினால் மட்டுமே அவர்களுக்குப் பயன்படும். முதுமைக்கான காப்பை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே கடையில் தேடிக்கொண்டிருக்கும்வரை, வசதியுள்ளவர்க்கு அரைகுறையாகவும் ஏழைக்கு அறவே இல்லாமலும்தான் அது கிடைக்கும். சம்பளத்துக்காகவும் சங்கம் அமைக்கும் உரிமைக்காகவும் ஒன்றுசேரத் தெரிந்த தொழிலாளர் இதற்காகவும் ஒன்றுசேர வேண்டும்; அடுத்த ஊதிய ஒப்பந்தத்தின் கோரிக்கைப் பட்டியலிலேயே அதைத் தொடங்கலாம்.