ஈயம் போகும் வழி

அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடும் பயிற்சியில் ஈடுபடுவோரும் வேட்டையாடுவோரும் சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளை உறையை எறிந்துவிடுவதில்லை. உறை, அதன் அடியில் பொருந்தும் பிரைமர் என்னும் சிறு வெடிக்கிண்ணம், வெடிமருந்து, முனையில் அமரும் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே ஒரு தோட்டா. இவற்றுள் சுட்டபின் மீண்டும் பயன்படுவது உறை ஒன்றே ஆதலால், அதைத் துலக்கி, பழைய பிரைமரை அகற்றி, அச்சில் அழுத்தி அளவு சரிசெய்து, வீட்டிலேயே மீண்டும் நிரப்பிக்கொள்வது இங்கு வேரூன்றிய வழக்கமாகும். இம்மடல் எழுதப்படும் மொன்டானா மாநிலத்தில் மானுக்கும் எல்க் என்னும் பெரிய மானினத்துக்கும் உரிய ஐந்து வார வேட்டைப் பருவம் அக்டோபர் இறுதியில் தொடங்குவதையொட்டி, டம்ளர் எனப்படும் துலக்கு எந்திரங்கள் இவ்வாரம் கடைகளின் முன்வரிசைக்கு வந்துள்ளன. அவற்றின் பெட்டிகளில் பெரிய எழுத்தில் காணப்படும் சொல் பளபளப்பு. இவ்வெந்திரத்தைத் தேர்ந்தெடுப்பதில் கடைசியாகக் கருத வேண்டியது அதுவே.

உறையைத் துலக்குவதன் முதன்மைப் பயன், ஒட்டிய மணலும் கரியும் அளவு அச்சைக் கீறாமல் காப்பதுதான். நிறம் மங்கிய உறையும் அழுக்கின்றி இருந்தால் நன்றாகவே பயன்படும். இதற்கென விற்கப்படும் எந்திரங்கள் பெரும்பாலும் இரு வகைப்படும். முதல்வகை அதிர்வு எந்திரம்: ஒருபக்கம் எடை கூடிய மோட்டாரின் சுழற்சியால் அதிரும் கிண்ணத்தில், பொடித்த வால்நட் ஓட்டையோ மக்காச்சோளத் தக்கையையோ நிரப்பி, உறைகளை இட்டுச் சில மணிநேரம் ஓடவிடுவர்; வால்நட் ஓடு அழுக்கை விரைந்து அரிக்கும், தக்கை மெருகேற்றும். இரண்டாம் வகை சுழல் எந்திரம்: கூழாங்கற்களை மெருகேற்றப் பயன்பட்ட உருளைகளின் வழிவந்த இதில், நீரும் சிறிது பாத்திரச் சோப்பும் சிட்ரிக் அமிலமும் துருப்பிடிக்காத எஃகின் நுண்ணிய கம்பித் துண்டுகளும் உறைகளோடு சேர்ந்து உருள்வதால், பிரைமர் அமரும் குழியின் உட்புறம் வரை சுத்தமாகிறது. ஒலியலையால் கழுவும் கருவியும் உண்டு. சிறு அளவு வேலைக்கு அது போதும்.

பெட்டியில் அச்சிடப்படாத செய்தி பிரைமரில் இருக்கிறது. வழக்கமான பிரைமரின் கலவையில் ஈய ஸ்டிஃப்னேட் என்னும் சேர்மம் இருப்பதால், சுடும்போது அதன் எரிந்த எச்சம் நுண்ணிய ஈயப்பொடியாக உறைக்குள்ளும் வெளியிலும் படிகிறது. அதிர்வு எந்திரத்தில் அப்பொடி வால்நட் தூளோடு கலந்து, மூடியைத் திறக்கும்போதும் உறைகளைச் சல்லடையில் சலிக்கும்போதும் தூசாக எழுந்து, தரைவிரிப்பிலும் துணியிலும் கையிலும் ஒட்டி, தவழும் குழந்தையின் வாயைச் சென்றடைகிறது. சுழல் எந்திரத்தில் அதே ஈயம் கறுத்த நீரில் தங்கிவிடுகிறது. இரண்டிலும் ஈயம் அழிவதில்லை. காற்றில் பறக்குமா, நீரில் அடங்குமா என்பதே வேறுபாடு. குழந்தையின் இரத்தத்தில் ஈயம் எவ்வளவு இருந்தால் கவனிக்க வேண்டும் என்பதற்கான அளவை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 3.5 ஆகக் குறைத்தது. தீங்கற்ற அளவு என ஒன்று இதுவரை கண்டறியப்படவில்லை.

இந்நாட்டின் விதிகள் இவ்விடத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்பது வியப்பையும் எரிச்சலையும் ஒருங்கே தருகிறது. சொந்தப் பயனுக்காகத் தோட்டா நிரப்புவோருக்குக் கூட்டரசின் உரிமம் தேவையில்லை; விற்பனைக்காகச் செய்தால்தான் தேவை. ஆனால் வெடிமருந்தை வீட்டில் வைப்பதைப் பற்றி, பல ஊர்களின் தீத்தடுப்புச் சட்டங்கள் எடுத்தாளும் என்.எஃப்.பி.ஏ. 495 என்னும் நெறித்தொகுப்பு மிக நுணுக்கமாகப் பேசுகிறது: புகையற்ற மருந்து 20 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 9 கிலோ வரை அதன் மூலக் கலங்களிலேயே இருக்கலாம்; அதற்கு மேல் 50 பவுண்டு வரை வைப்பதானால் ஓரங்குலத் தடிமனுள்ள மரப்பெட்டி வேண்டும்; பிரைமர்கள் 10,000க்கு மிகக் கூடாது. பலகையின் தடிமன் வரை எண்ணிப்பார்த்த இந்த அக்கறை, துலக்கு எந்திரத்தின் தூசில் வந்து நின்றுவிடுகிறது. தொழிலிடத்தின் காற்றில் ஈயம் ஒரு கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்னும் 1978ஆம் ஆண்டின் விதி கூலிக்கு உழைப்பவரைக் காக்கிறது. சொந்த வீட்டின் நிலவறையில் தந்தை உறை சலிக்கும்போது பக்கத்தில் நிற்கும் பிள்ளையை அது காப்பதில்லை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா செய்ய இடமில்லை; தனிமனித உரிமைக்கு அது தடை என இங்குள்ளோர் கருதினாலும், அங்குள்ள வீட்டுத் தரைகளில் இத்தூசு படியாததற்கு அந்தத் தடையே காரணம்.

பித்தளை துலக்குவதில் தமிழருக்கு எந்த எந்திரமும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைக்கென நாச்சியார்கோயில் குத்துவிளக்கைப் புளியிட்டுத் தேய்த்த கைகள் அறிந்ததும், சுழல் எந்திரத்தில் இடப்படும் சிட்ரிக் அமிலம் செய்வதும் ஒன்றே. புளியின் டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் செம்பின் ஆக்சைடைக் கரைத்து, அடியில் உள்ள உலோகத்தை வெளிக்கொணர்கின்றன. அமிலம் மிகுந்தால் 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கொண்ட தோட்டாப் பித்தளையிலிருந்து துத்தநாகம் கழன்று, உறை இளஞ்சிவப்பாக மாறும்; ஆகவே அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். அமோனியா கலந்த பாலிஷை அறவே தவிர்க்க வேண்டும் என்பதற்கு இந்திய மண்ணே சான்று: பிரிட்டிஷ் இந்தியப் படையின் தோட்டாக்கள் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டபோது உறைகள் தாமாகவே விரிசல் கண்டன; குளிர்நிலையில் இழுத்து உருவாக்கப்பட்ட பித்தளையில் எஞ்சி நிற்கும் இறுக்கமும், குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும் சேர்ந்து செய்த வேலை அது என்பதை மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் 1921இல் விளக்கினர்.

ஆகவே குழந்தையுள்ள வீட்டுக்கு ஏற்றது மூடியிட்ட சுழல் எந்திரமே. உலர்த்தும் வேலையும், உறைக்குள் சிக்கிய கம்பித் துண்டு உண்டா என ஒவ்வொன்றாகப் பார்க்கும் வேலையும் அதில் கூடுதல். எனினும் அவை பெரியவரின் நேரத்தை மட்டுமே கேட்கின்றன. உறைகளைச் சமையலறை அடுப்பில் உலர்த்தக் கூடாது. கழிவுநீரைச் சமையல் தொட்டியிலோ தோட்டத்திலோ ஊற்றாமல், மூடிய கலத்தில் சேர்த்து, உள்ளூர் நிர்வாகம் நடத்தும் அபாயக் கழிவு சேகரிப்பில் ஒப்படைக்க வேண்டும். இப்பொழுதுபோக்கில் புதிதாக இறங்கும் தமிழ்க் குடும்பங்கள் விலையையும் பளபளப்பையும் பார்க்குமுன் இதைப் பார்க்கட்டும். அதிர்வு எந்திரத்தை முன்பே வாங்கி நிலவறையில் வைத்திருப்போர், இவ்வாரமே அதை வீட்டுக்கு வெளியே கொண்டுசென்று, பிள்ளைகளின் இரத்தத்தில் ஈய அளவைச் சோதித்துக்கொள்ள வேண்டுகிறோம்.