இழுக்கும், நிற்குமா?

"அத்தான், ரெண்டு நடைச் சரக்கை ஒரே நடையில கொண்டாந்திருவேன்!" என்றான் என் மச்சினன்.

கடனில் வாங்கிய பிக்-அப். பின்னால் யாரோ கழித்துவிட்ட டிராக்டர் டிரெய்லர். ஆரியங்காவிலிருந்து தென்காசிக்கு ரப்பர் மரத்தடி இறக்குவது திட்டம். கடனுக்கு ஜாமீன் அடியேன்தான். ஆகவே வெள்ளோட்டத்துக்கு நானும் ஏறிக்கொண்டேன்.

ஐந்தருவி வரை, மணல் மூட்டைகளோடு, சிங்கம் மாதிரி ஏறியது. "பாத்தீங்களா!" என்று மீசையைத் தடவினான்.

இறங்கும்போது சாரல். வளைவில் ஒரு குரங்கு. பிரேக் அடித்தான். பிக்-அப் நின்றது; டிரெய்லருக்குச் சேதி போய்ச் சேரவில்லை! பின்னாலிருந்து தள்ளி, எங்களை மடக்குக்கத்தி மாதிரி மடக்கி ஓரச்சுவரில் சாத்தியது. குரங்கு நிதானமாகப் போயிற்று. (என் வேட்டி விவகாரம் இங்கே வேண்டாம்.)

"இழுக்கது எஞ்சின் பாடு. நிறுத்துதது யாரு பாடு?" என்றார் மெக்கானிக் அண்ணாச்சி. பெரிய டிரெய்லர் லாரியில் பின்பாரத்தில் ஒரு பங்கு 'ஃபிஃப்த் வீல்' தட்டு வழியாக முன்வண்டியின் பின்சக்கரங்கள் மேலேயே உட்காருமாம். டிரெய்லருக்கும் தனியாக ஏர் பிரேக்; ஹோஸ் அறுந்தால் தானே பிடித்துக்கொள்ளும். நமக்கோ ஒரு கொக்கி, ஒரு பின்!

புளியரை இறக்கம் தனி லாரியையே விடாது. 2024 பிப்ரவரியில் பிளைவுட் லாரி ஒன்று அங்கிருந்து தண்டவாளத்தில் விழுந்து டிரைவர் இறந்தார். வயதான தம்பதி டார்ச் அடித்து ரயிலை நிறுத்தினார்கள். அதை ஞாபகப்படுத்தினேன். மச்சினன் வெகுநேரம் பேசவில்லை.

மறுநாள் காலை வந்தான்.

"ரெண்டு நடையாவே அடிக்கேன் அத்தான். டீசலுக்கு மட்டும் ஒரு ஐந்நூறு..."