பதின்மூன்றாவது மாதம்

நமது பஞ்சாங்கத்தில் மாதங்கள் எல்லாம் ஒரே அளவாக இருப்பதில்லை என்பது நேயர்கள் அறிந்த விஷயம். மார்கழி 29 நாளில் முடிந்துவிடும். ஆனி, ஆடி மாதங்கள் சில வருஷங்களில் 32 நாள் வரையில் நீளும். இங்கிலீஷ் மாதங்களிலும் 30, 31 என்று ஏற்றத் தாழ்வு உண்டு. பிப்ரவரி ஒன்றுதான் 28 நாளில் முடிந்து, மாதச் சம்பளக்காரர்களுக்குச் சற்று ஆறுதல் அளிக்கிறது.

இந்த இரண்டு பஞ்சாங்கங்களும் போதாவென்று, மூன்றாவதாக ஒரு பஞ்சாங்கம் இப்போது நாடெங்கும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எல்லா மாதமும் பிப்ரவரிதான். வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம். இதைக் கணித்தவர்கள் ஜோசியர்கள் அல்ல, செல்போன் கம்பெனிக்காரர்கள்.

சந்திரனை அனுசரித்துக் கணக்கிடும் நமது பெரியோர்களும் பதின்மூன்றாவதாக ஒரு மாதத்தைச் சேர்த்தது உண்டு. அதற்கு அதிக மாதம் என்று பெயர். ஆனால் அது சுமார் இரண்டரை வருஷத்துக்கு ஒரு முறைதான் வரும். அதற்காக யாரும் நம்மிடம் பணம் கேட்டதில்லை. கம்பெனிப் பஞ்சாங்கத்தின் அதிக மாதமோ ஒவ்வொரு வருஷமும் தவறாமல் வருகிறது. கையில் ரசீதுடன் வருகிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். 28 நாளைக்கு 199 ரூபாய் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 12 மாதமானால் 2,388 ரூபாய் ஆக வேண்டும். ஆனால் 28 நாள் வீதம் 365 நாளை நிரப்புவதற்குப் பதின்மூன்று முறை பணம் கட்ட வேண்டும். அப்படிக் கட்டினால் 2,587 ரூபாய் ஆகிறது. பதின்மூன்று முறை கட்டியும் 364 நாள்தான் ஆகும். ஒரு நாள் பாக்கி நிற்கும்! "மூன்று மாதத் திட்டம்" என்று கடைகளில் சொல்லப்படும் 84 நாள் திட்டத்தின் கதையும் இதுவே. நான்கு முறை கட்டினால் 336 நாள். வருஷக் கடைசியில் 29 நாள் அந்தரத்தில் தொங்கும். எங்கள் வீட்டில் நான்கு செல்போன்கள் இருக்கின்றன. ஆகவே பதின்மூன்றாவது மாதத்துக்காக மட்டும் வருஷத்துக்கு ஏறக்குறைய 800 ரூபாய் கொடுக்கிறோம். பால்காரர் ஒரு நாள் வராவிட்டால் அந்த நாளைக் கழித்துக்கொண்டு பணம் கொடுக்கும் இல்லத்தரசிகள், இந்தக் கணக்கை மட்டும் கேளாமல் விட்டுவிட்டது எனக்கு ஆச்சரியமாயிருக்கிறது.

ஒன்றை மாத்திரம் ஒப்புக்கொள்ள வேண்டும். கம்பெனிக்காரர்கள் பொய் சொல்லவில்லை. 28 நாள் என்று தெளிவாகவே அச்சிடுகிறார்கள். "ஒரு மாசத்துக்குப் போட்டுவிடு, தம்பி" என்று கடைப் பையனிடம் கேட்பவர்கள் நாம்தான். நாலு வாரம் என்ற கணக்கில் ஒவ்வொரு முறையும் ஒரே கிழமையில் பணம் கட்டலாம் என்று இதற்கு ஒரு சமாதானமும் சொல்லப்படுகிறது. வாரக் கூலி வாங்குகிறவர்களுக்கு அது பொருத்தமாயிருக்கலாம். ஆனால் மாதச் சம்பளமும் மாத வாடகையும் மாத பென்ஷனும் உள்ள வீடுகளில் கிழமையைப் பார்த்து யார் கணக்கு எழுதுகிறார்கள்?

செல்போனே வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. டிரங்க்கால் காலத்தை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லத் துணிய மாட்டார்கள். அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேச வேண்டுமானால் எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதிலும் சாதாரணம், அவசரம், மின்னல் என்று மூன்று ஜாதிகள் உண்டு. பிறகு தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. கூடங்கள் வந்தன. இரவு நேரம் ஏற ஏறக் கட்டணம் குறையும் என்று, தூக்கத்தையும் விட்டுவிட்டு ஜனங்கள் அங்கே வரிசையில் நின்றார்கள். 1995-ஆம் வருஷம் ஜூலை 31-ந் தேதி மேற்கு வங்காள முதல் மந்திரி ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டில்லியிலிருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் செல்போனில் பேசினார். அதுவே இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு. அக்காலத்தில் கட்டணம் நிமிஷத்துக்கு 8 ரூபாய் 40 காசு. நெரிசலான நேரத்தில் 16 ரூபாய் 80 காசு வரையில் ஆகும். கூப்பிட்டவர் மட்டுமல்ல, கூப்பிடப்பட்டவரும் பணம் கொடுக்க வேண்டும். கடன்காரன் கூப்பிட்டாலும் நம் காசு!

2003-ஆம் வருஷம் மே மாதத்தில் இந்த அநியாயம் நின்றது. அழைப்பவரே பணம் கொடுக்க வேண்டும், கேட்பவர் கொடுக்க வேண்டியதில்லை என்று ஏற்பட்டது. கறிகாய்க்காரரும் கொத்தனாரும் செல்போன் வாங்கியது அதன் பிறகுதான். காசு செலவழிக்காமலே சேதி சொல்லும் "மிஸ்டு கால்" என்ற அருங்கலையை நம்மவர்கள் கண்டுபிடித்ததும் அப்போதுதான். ஒரு மணியடித்தால் "கிளம்பிவிட்டேன்," இரண்டு மணியடித்தால் "பஸ் கிடைக்கவில்லை" என்றெல்லாம் குடும்பத்துக்குக் குடும்பம் சங்கேத மொழிகள் ஏற்பட்டன. 2016-இல் புதிய கம்பெனி ஒன்று செய்த போட்டியால் பேச்சுக்குத் தனிக் கட்டணமே இல்லையென்று ஆகி, இன்டர்நெட்டும் மலிந்தது. இவ்வளவு நன்மைகளையும் மறப்பது நன்றியல்ல.

ஆனால், கேட்பவருக்குச் செலவில்லை என்ற அந்த நியாயம் என்ன ஆயிற்று என்பதுதான் என் கேள்வி.

இந்த நியாயம் டெலிபோனைவிடப் பழமையானது, தபாலைச் சேர்ந்தது. பழைய இங்கிலாந்தில் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவரே தூரத்துக்குத் தக்கபடி பணம் கொடுத்து வந்தார். ரோலண்ட் ஹில் என்பவர் சொன்ன யோசனைப்படி 1840-இல் அனுப்புகிறவரே முன்கூட்டித் தபால்தலை ஒட்டும் வழக்கம் அங்கே ஏற்பட்டது. நம் தேசத்தில் 1854-இல், தூரம் எதுவானாலும் கால் தோலா எடையுள்ள கடிதத்துக்கு அரையணா என்று வைத்தார்கள். அன்று முதல் தபால்காரர் நம் வாசலில் வந்து நின்றால் பயமில்லாமல் கை நீட்டலாம். தபால்தலை ஒட்டாமல் வரும் "பேரிங்" கடிதத்துக்கு மட்டும் நாம் அபராதம் கட்ட வேண்டும். கடிதம் வாங்குவதற்காக மாதந்தோறும் தபாலாபீஸுக்குப் பணம் கட்டு, கட்டாவிட்டால் உனக்கு வரும் கடிதங்களைத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று எந்தச் சர்க்காரும் சொன்னதில்லை.

செல்போனில் 2018-ஆம் வருஷக் கடைசியில் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னார்கள். 28 நாளைக்கு ஒரு முறை குறைந்தபட்சம் 35 ரூபாய் கட்டினால்தான் வருகிற அழைப்பும் வரும் என்று பெரிய கம்பெனிகள் ஏற்பாடு செய்தன. விலை ஏறி ஏறி, 2024 ஜூலைக்குப் பிறகு தனியார் கம்பெனிகளின் சாதாரண 28 நாள் திட்டம் 200 ரூபாயை ஒட்டி வந்துவிட்டது. அதில் அளவில்லாப் பேச்சும் கொஞ்சம் இன்டர்நெட்டும் அடக்கம் என்பது வாஸ்தவமே. ஆனால் பேசவே பேசாதவர்களுக்கு அளவில்லாப் பேச்சினால் என்ன பிரயோஜனம்?

அப்படிப்பட்டவர்களில் ஒருத்தி கும்பகோணத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் தனியாக வசிக்கும் என் அத்தை. வயது எண்பதுக்கு மேல். கையில் இருப்பது பட்டன் போன். அவள் யாரையும் கூப்பிடுவதில்லை. தினமும் விளக்கேற்றிய பிறகு பெங்களூரிலிருந்து மகன் கூப்பிடுவான், "சாப்பிட்டாயா? மாத்திரை போட்டுக்கொண்டாயா?" என்பான், "ஆச்சு, ஆச்சு" என்பாள். இருபத்து நான்கு மணி நேரத்தில் அந்தப் போனுக்கு அவ்வளவுதான் வேலை. பணம் கட்டிய தேதியைத் தினசரிக் காலண்டரில் பார்த்து வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் அதே தேதியில் கடைப் பையனிடம் பணம் கொடுத்தனுப்புவாள்.

ஒரு வருஷம் அக்டோபர் 10-ந் தேதி பணம் கட்டினாள். அக்டோபருக்கு 31 நாள். ஆகவே அவள் காலண்டர்படி நவம்பர் 10 வருவதற்கு மூன்று நாள் முன்னதாகவே கம்பெனிக் காலண்டரில் மாதம் முடிந்துபோயிற்று. ஐப்பசி அடைமழைக் காலம். மகன் கூப்பிட்டான், மணி அடிக்கவில்லை. மறுநாளும் அப்படியே. அண்டை வீட்டார் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தார்கள். எனக்குப் போன் செய்து, "அம்மா எப்படி இருக்கிறாள் என்று தெரியவில்லை, அண்ணா" என்று அழாக்குறையாகச் சொல்லிவிட்டு, இரவு பஸ்ஸில் ஏறிவிட்டான். விடியற்காலையில் போய் இறங்கினால், அத்தை வாசலில் மழை விட்ட ஈரத்தில் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறாள்! "என்னடா இது, சொல்லாமல் கொள்ளாமல்?" என்றாளாம். அவன் திண்ணையிலேயே உட்கார்ந்து தேம்பி அழுதுவிட்டான்.

பின்னொரு நாள் நான் போயிருந்தபோது அத்தை என்னிடம் கேட்டாள்: "ஏண்டா அப்பா, நான் பேசினால் அல்லவா எனக்குக் காசு? அவன் பேசுவதற்கு அவன் காசு கொடுக்கிறான். அதைக் காதில் வாங்கிக்கொள்ள நானும் எதற்குக் கொடுக்க வேண்டும்?"

ரோலண்ட் ஹில்லை அறியாத என் அத்தை, அவருடைய கட்சியைத்தான் பேசினாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

"அப்படியானால் போனை விட்டுவிடட்டுமே" என்று யாராவது சொல்லலாம். விட முடியாது. அவளுடைய காஸ் சிலிண்டர் வந்து இறங்குவதற்கு ரகசிய எண் அந்தப் போனில்தான் வருகிறது. பாங்கிக் கணக்கு, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றிலும் அந்த எண்தான் பதிவாகியிருக்கிறது. ஒரு காலத்தில் டெலிபோன் எண் பணக்காரர்களின் அடையாளம். இன்றோ அது இல்லாதவரைச் சர்க்கார் காரியாலயத்தில் ஒரு மனிதராகவே எண்ணுவதில்லை. சர்க்காரே கேட்டு வாங்கிப் பதிவு செய்யும் ஓர் எண்ணை உயிரோடு வைத்திருக்கும் செலவு, சினிமா பார்க்கும் செலவைப் போல் அவரவர் இஷ்டத்தைச் சேர்ந்தது ஆகாது. அது ரேஷன் அரிசியைச் சேர்ந்தது.

சர்க்கார் அடியோடு தூங்கிவிடவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் 2022 ஜனவரியில் ஓர் உத்தரவு போட்டது: ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் திட்டம் ஒன்றும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கக்கூடிய திட்டம் ஒன்றுமாவது வைத்திருக்க வேண்டும். வைத்தார்கள், பக்கத்திலேயே 28 நாள் திட்டங்களும் வரிசையாக நிற்கின்றன. கடையில் கேட்டால் முன்னால் வருவது எது என்பதை நேயர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன். 2024 டிசம்பரில் இன்னோர் உத்தரவு: இன்டர்நெட் வேண்டாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டம் வேண்டும். பட்டன் போன்காரர்கள் அப்போது சுமார் 15 கோடிப் பேர் என்று ஆணையமே மதிப்பிட்டிருந்தது. 2025 ஜனவரியில் கம்பெனிகள் அப்படியே வெளியிட்டன. இரண்டு பெரிய கம்பெனிகளில் அது 84 நாளைக்கு 450 ரூபாயை ஒட்டியிருந்தது. இன்டர்நெட்டை எடுத்துவிட்டார்கள், விலையில் குறைந்தது சொற்பம், 84 என்ற எண் மட்டும் அசையவில்லை!

கம்பெனிகள் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. கோபுரம் கட்ட வேண்டும். அலைவரிசையை ஏலத்தில் எடுக்க வேண்டும். 2022-ஆம் வருஷத்து ஏலத்தில் மட்டும் சர்க்கார் கேட்டுப் பெற்ற மதிப்பு ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். தவிர, நாம் கட்டும் 199 ரூபாயில் சுமார் 30 ரூபாய் 18 சதவிகித ஜி.எஸ்.டி. வரியாகப் போகிறது. ஆகப் பதின்மூன்றாவது மாதத்தின் லாபத்தில் சர்க்காருக்கும் பங்கு உண்டு. காவற்காரருக்கும் பந்தியில் இலை போட்டிருப்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

எனக்குத் தோன்றுவது இரண்டு காரியங்கள். முதலாவது, மாதம் என்பது மாதமாகவே இருக்க வேண்டும். பல திட்டங்களில் ஒன்று மட்டும் அப்படி இருந்தால் போதாது. மாதக் கணக்கில் விற்கும் எல்லாத் திட்டமும் தேதிக்குத் தேதி என்றே இருக்க வேண்டும். விலை தேவையானால் வெளிப்படையாக உயர்த்தட்டும். நாளைக் குறைத்து உயர்த்த வேண்டாம். இரண்டாவது, வரும் அழைப்பையும் குறுஞ்செய்தியையும் மட்டும் பெறுவதற்கு, வருஷத்துக்கு ஒரு சிறு தொகையில் ஒரு திட்டம் வேண்டும். அதனால் கம்பெனிக்கு நஷ்டமென்றால், எல்லோருக்கும் தொலைத்தொடர்பு கிடைக்க வேண்டும் என்பதற்காகவே கம்பெனிகளின் வருமானத்திலிருந்து பிரித்தெடுக்கும் நிதி ஒன்று இருக்கிறது. "டிஜிட்டல் பாரத் நிதி" என்று இப்போது அதற்குப் பெயர். குக்கிராமத்தில் கோபுரம் கட்டுவதற்கு அந்த நிதி உதவுவது சரியே. அந்தக் கோபுரத்தின் கீழே வசிக்கும் கிழவியின் போனில் மணி அடிப்பதற்கும் அது உதவலாம் அல்லவா?

அதுவரையில் நேயர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனுக்கு எந்தத் தேதியில் பணம் கட்டியது என்று எழுதி வைத்து, இருபத்தெட்டு நாளை எண்ணிப் பார்த்துக்கொள்வது நலம். தினசரிக் காலண்டரை நம்ப வேண்டாம். அதில் பதின்மூன்றாவது மாதத்துக்குத் தாள் கிடையாது.