மலைப்பாதையும் பழைய வண்டியும்

இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீற்றர் உயரத்தில் உளது. அதன் உச்சியில் நின்று கீழே நோக்கினோம். 1825 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாதை, பிராட்டோ ஊரை நோக்கி 48 கூரிய வளைவுகளாய் மடிந்து கிடந்தது.

1990 இல் வெளிவந்த ஹொண்டா எஸ்.ரி. 1100 போன்ற பழைய நெடும்பயண மோட்டார் சைக்கிளில் இங்கு வர விழையும் அன்பர்கள் முதலில் எதை மாற்றுவது? பளபளக்கும் புகைக்குழாயையா? இல்லை என்போம். ஏற்றத்துக்கு எஞ்சின் போதும். இறக்கத்தில் உயிரைக் காப்பது பிறேக். நாட்பட்ட பிறேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். சூடேறினால் கொதித்துப் பிடி தளரும். எனவே முதலில் புதிய எண்ணெயும், அழுத்தத்தில் உப்பாத உருக்குவலைக் குழாய்களும், அடுத்து ரயர்கள், பின்னர் தளர்ந்த முன்புற ஸ்பிறிங்குகள். அலங்காரம் அதற்கப்பாலே. பனிமுடியைக் கண்டவர் வீடு திரும்பி அதனைச் சொல்லவும் வேண்டுமல்லவா?