தேதி கிடைக்குமா?

சென்னையில் மார்கழி பிறந்துவிட்டால் சங்கீதத்துக்குப் பஞ்சமில்லை, வித்வான்களுக்குத்தான் பஞ்சம். இதைச் சொன்னால் என் நண்பர்கள் சிரிக்கிறார்கள். தடுக்கி விழுந்தால் ஒரு பாடகர் மேல் விழவேண்டிய ஊரில் பஞ்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். அவர்கள் கச்சேரி கேட்கிறவர்கள். கச்சேரி வைக்கிறவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

எங்கள் பேட்டையில் ஒரு சின்ன சபா இருக்கிறது. கதை எழுதுகிறவனுக்குக் கடிதமும் எழுத வரும் என்ற நம்பிக்கையில், வித்வான்களுக்குத் தேதி கேட்டு எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். ஆகையால் இந்தப் பஞ்சத்தைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

கணக்கைப் பாருங்கள். மியூசிக் அகாடமியின் விழா வழக்கமாக டிசம்பர் 15-ஆம் தேதி தொடங்கி, ஜனவரி 1-ஆம் தேதி சதஸுடன் முடிகிறது. நடுவே உள்ள அந்தப் பதினெட்டு நாட்கள்தான் சீசனின் உயிர்நாடி. மாலை வேளையில் கூட்டத்தை இழுக்கக்கூடியவர்கள் என்று எண்ணினால், இரண்டு கை விரல்களும் கொஞ்சம் கால் விரல்களும் போதும். ஒரு தொண்டை ஒரே மாலையில் இரண்டு மேடைகளில் பாட முடியாது. மார்கழிப் பனியில் இன்று பாடின தொண்டைக்கு நாளை ஓய்வு வேண்டும். ஆக, ஒருவருக்கு எட்டு மாலைகள் தேறினால் அதிகம். அந்த எட்டையும் பெரிய சபாக்கள் ஆடி மாதம் முடிவதற்குள் பங்கு போட்டுக்கொண்டுவிடும். எங்கள் கடிதம் போய்ச் சேரும்போது பந்தி முடிந்து இலை எடுத்திருப்பார்கள்.

பாடகர் கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? அவருக்கு ஏற்ற மிருதங்கம் வேண்டும், பிடில் வேண்டும். நல்ல மிருதங்க வித்வானுக்குப் பாடகரை விடக் கிராக்கி அதிகம். ஒரு தடவை பாடகர் சம்மதித்து, பிடில்காரரும் சம்மதித்து, மிருதங்கத்துக்கு மட்டும் ஆள் கிடைக்காமல் கச்சேரியே வேறு நாளுக்குப் போயிற்று.

இதெல்லாம் இன்று முளைத்த சங்கதி அல்ல. 1927-ஆம் வருஷம் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது அதை ஒட்டி ஒரு சங்கீத மகாநாடு நடந்தது. அதன் பயனாக 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. 1932-இல் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொஸைட்டி வந்தது. 1943-இல் தமிழ் இசைச் சங்கம் வந்தது. பிறகு மயிலையிலும் தியாகராய நகரிலும் ஒன்றன்பின் ஒன்றாகச் சபாக்கள் தோன்றின. பின்னால் வந்தவர்கள் முன்னால் இருந்தவர்களோடு ஒரே துறையில் மோதிப் பிழைக்கவில்லை. ஆளுக்கொரு வழி கண்டார்கள். தமிழ் இசைச் சங்கம் மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு முதலிடம் கொடுத்தது. பெங்களூரில் 1939-இல் தொடங்கிய ஸ்ரீ ராமசேவா மண்டலி மார்கழியின் பக்கமே போகாமல் ராம நவமியைப் பிடித்துக்கொண்டது. கோடைக்காலத்தில் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டார்கள். சென்னை வித்வான்கள் ரயிலேறிப் போனார்கள்.

இந்தத் தொல்லை கடல் கடந்தும் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டாயிற்று. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பாலைவனத்தில் கோச்செல்லா என்று ஒரு மாபெரும் சங்கீத விழா நடக்கிறது. அங்கே வாசிக்க ஒப்புக்கொள்ளும் கோஷ்டியார், குறிப்பிட்ட காலத்துக்குள் வேறு விழாக்களில் வாசிக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்கிறார்களாம். போர்ட்லண்டு நகரத்தில் சிறிய விழா ஒன்றை நடத்துகிறவர்கள் இதை எதிர்த்து 2018-இல் வழக்குப் போட்டார்கள். அந்தத் தடைக்காலம் டிசம்பர் 15 முதல் மே 1 வரை என்று மனுவில் சொல்லியிருந்தார்கள். நம் சீசன் தொடங்கும் அதே டிசம்பர் 15! என்ன ஜாதகப் பொருத்தமோ! கடைசியில் வழக்குத் தள்ளுபடியாயிற்று.

நம் ஊரில் அப்படிப்பட்ட ஒப்பந்தம் எதையும் நான் பார்த்ததில்லை. ஒருவரே ஐந்தாறு சபாக்களில் பாடுவது சகஜம். ஆனால் எழுதாத ஒப்பந்தம் ஒன்று உண்டு. பெரிய மேடையில் பாடும் நாளுக்கு முன்தினம் யாரும் தொண்டையைச் செலவழிக்க மாட்டார்கள். மறுநாள் களைப்பு. இப்படியாக ஒரு தேதி மூன்று தேதிகளை விழுங்கிவிடுகிறது.

சின்ன சபாக்கள் என்னதான் செய்யும்? சில சபாக்கள் பட்டம் கொடுக்கின்றன. சில சபாக்கள் சமையற்காரரை நம்புகின்றன. அடையும் அவியலும் நன்றாக இருந்தால் கூட்டம் தானே வரும், வந்த கூட்டத்தில் பாதி கச்சேரியையும் எட்டிப் பார்க்கும். சில சபாக்கள் நவம்பருக்கோ ஜனவரிக்கோ நகர்ந்து போகின்றன. இன்னும் சில, கடன் வாங்கியாவது ஒரு பெரிய பெயரைப் பிடித்து நோட்டீஸில் போட்டுவிடுகின்றன.

நாலாவது வழியில் எங்களையும் தள்ளப் பார்த்தார்கள். எங்கள் செலவில் பாதியை ஒரு கம்பெனி கொடுத்து வந்தது. மூன்று வருஷங்களுக்கு முன் அதன் அதிகாரி எங்கள் காரியதரிசியை அழைத்து, "எங்க பேனருக்கு முன்னாலே யார் உட்கார்ந்து பாடறாங்கங்கறதுதான் சார் முக்கியம். பெரிய பேரா கொண்டு வாங்க, முழுச் செலவும் எங்களுது. இல்லேன்னா இந்த வருஷம் முடியாது" என்று சொல்லிவிட்டார். நான் ஒரு பெரிய வித்வானுக்கு எழுதினேன். மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. அவரிடம் இருந்தது ஒரே தேதி. அதற்கான சன்மானமோ, எங்கள் ஏழு நாள் விழாவுக்கும் ஆகும் செலவைத் தாண்டி நின்றது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. திருவையாற்று ஆராதனையில் காசு வாங்காமல் பாடுகிறவர்தான் அவரும். வருஷம் முழுவதும் அப்படிப் பாடினால் அடுப்பு எரியாது.

குழு கூடியது. தலைவருக்குச் சபலம். பொக்கிஷதாரர் ஓய்வு பெற்ற கணக்கர். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஒரு நாள் பேனர் அவா செலவு, சரி. பாக்கி ஆறு நாள் மத்தியானம் பாடற குழந்தைகளுக்கும் அவா கொடுப்பாளா? கேட்டுட்டு வாங்கோ" என்றார். கேட்டோம். கொடுக்க மாட்டார்களாம். "அப்போ ஏழு நாள் விளக்குக்கு வேண்டிய எண்ணெயை ஒரே நாள் தீவட்டியிலே ஊத்தச் சொல்றா" என்றார் அவர். அதோடு பேச்சு முடிந்தது. கம்பெனியின் பணம் நின்றது. ஏழு நாள் விழா ஐந்து நாளாயிற்று. பந்தல் போய், பள்ளிக்கூடத்து ஹால் வந்தது.

அந்த வருஷமே இன்னொரு சோதனையும் வந்தது. ஒரு பெண் நாலு வருஷமாக எங்கள் சபாவில் மத்தியானக் கச்சேரி செய்துகொண்டிருந்தாள். முதல் வருஷம் அவள் பாடியபோது சபையில் பதினோரு பேர். அவர்களில் மூன்று பேர் சாப்பாட்டுக்குக் காத்திருந்தவர்கள். அந்த வருஷம்தான் முதன்முதலாக அவளுக்கு மாலைக் கச்சேரி கொடுத்திருந்தோம். நோட்டீஸும் அச்சாகிவிட்டது. நவம்பர் கடைசியில் ஒரு பெரிய சபாவில் யாரோ வரமுடியாமல் போக, அதே மாலைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். தாயாரோடு வந்து நின்றாள்.

"மாமா, உங்களுக்கு வாக்குக் கொடுத்தாச்சு. நீங்க வேண்டாம்னா நான் அங்கே போகலை" என்றாள். அவள் கண் மட்டும் போகவேண்டும் என்று சொல்லிற்று.

விடக்கூடாது என்று ஓர் அங்கத்தினர் வாதாடினார். வளர்த்து ஆளாக்குகிறவர்கள் நாம், பறித்துக்கொண்டு போகிறவர்கள் அவர்களா என்று கேட்டார். அவருடைய கோபத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் காரியதரிசி, "போய்ட்டு வாம்மா. எங்களுக்கு ஜனவரி 3-ஆம் தேதி வந்து பாடு. கடிகாரம் பார்க்காமப் பாடு" என்று மட்டும் சொன்னார்.

பெரிய சபாவில் அவளுக்குக் கொடுத்த நேரம் ஒன்றரை மணி. பத்திரிகையில் நாலு வரி நல்லபடியாக வந்தது. ஜனவரி 3-ஆம் தேதி எங்கள் பள்ளிக்கூடத்து ஹாலில் மூன்றரை மணி நேரம் பாடினாள். தோடியை மட்டும் முக்கால் மணி நேரம் ஆலாபனை செய்தாள். சபையில் நூறு பேர் இருந்தால் அதிகம். தனி ஆவர்த்தனத்தின்போது ஒருவர்கூட எழுந்து போகவில்லை. இதைச் சீசனில் எந்தப் பெரிய சபாவிலாவது பார்த்திருக்கிறீர்களா?

சின்ன சபாவால் கொடுக்கக்கூடியது இதுதான் என்று எனக்கு அன்று பட்டது. ஒருவருக்குப் பெயர் வருவதற்கு முன்னால் மேடை கொடுக்கலாம். பெயர் வந்த பிறகு நேரம் கொடுக்கலாம். நடுவில் அவர்களைப் பெரிய சபாக்களுக்கு விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். அதற்கு மனம் இல்லாதவர்கள் சபா நடத்தாமல், வாடகைக்கு நாற்காலி விடும் தொழிலைச் செய்யலாம். அதில் நஷ்டமாவது வராது.

இந்த வருஷம் அந்தப் பெண் எங்களுக்கு இல்லை. டிசம்பர் முழுவதும் பெரிய சபாக்கள் எடுத்துக்கொண்டன. ஜனவரியில் வெளிநாடு போகிறாள். போனில் கூப்பிட்டு மிகவும் வருத்தப்பட்டாள். "ஆனா மாமா, பதினேழு வயசுப் பையன் ஒருத்தன் பிடில் வாசிக்கிறான். யாருக்கும் இன்னும் தெரியாது. உங்களுக்குத்தான் முதல்லே சொல்றேன்" என்றாள்.

நேற்று அந்தப் பையனிடமிருந்து கடிதம் வந்தது. எத்தனையோ வருஷமாகத் தேதி கேட்டு எழுதி எழுதிக் கை ஓய்ந்திருந்த எனக்கு, அதைப் படிக்கச் சுகமாகத்தான் இருந்தது. எங்கள் சபாவில் மத்தியானம் ஒரு தேதி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறான்.