பன்றிக்கு எந்தத் தோட்டா?

தென்காசி மாவட்டம் வடகரை, மேக்கரைப் பக்கம் விவசாயிகளிடம் காட்டுப்பன்றி என்றாலே போதும், பேச்சு துப்பாக்கியில்தான் போய் நிற்கும். தமிழக அரசின் 2025 ஜனவரி அறிவிப்புப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வரும் பன்றியைச் சுடலாம். அதுவும் வனத்துறையினர் மட்டும்.

சரி, எதால் சுடுவது? வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோள்பட்டைத் தோல் கவசம் மாதிரி தடித்திருக்கும். 12 போர் துப்பாக்கியின் சிறு ரவைகள் அதிலேயே சிக்கிக்கொள்ளும். பன்றி சாகாது, புண் அழுகி, புதருக்குள் நாள்கணக்கில் கிடக்கும். .315 ரைஃபிள் குண்டு முன்னங்காலை ஒட்டி நெஞ்சுக்குள் இறங்கினால் சீக்கிரம் முடிந்துவிடும். வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டர் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு அலைந்தது சும்மா இல்லை. குண்டு சரியாகப் படாவிட்டால் என்ன ஆகும்? ஆட்கொல்லியான சம்பாவத் புலியின் கோரைப்பல்லை உடைத்ததே யாரோ சுட்ட பழைய குண்டுதான் என்கிறார் அதைச் சுட்டுக் கொன்ற ஜிம் கார்பெட்.

ஆனால் குற்றால மலையடியில் தோப்புக்குத் தோப்பு ஆள் நடமாட்டம். குறி தவறிய ரைஃபிள் குண்டு கிலோமீட்டர் தாண்டிப் போகும்.

இரைக்குள் வெடியை ஒளித்து அவுட்டுக்காய் வைக்கிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது.